ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் என் கடைக்கு வந்து பாருங்கள். பொட்டு வைத்த கீபோர்டு, குங்குமம் அப்பிய மவுஸ், சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துபோன பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக வந்து மேஜையில் உட்காரும். "இன்னான்னே தெரிலக்கா, ஆன் ஆவ மாட்டேங்குது" என்பார்கள். எப்படி ஆகும்? காற்று போக வைத்த ஓட்டையில் சந்தனத்தைக் குழைத்து அப்பினால் எதுதான் ஆகும்? எனக்குக் கோபம் சட்டென்று வரும், கத்திவிடுவேன். "ஓரமா ஒரு புள்ளி வெச்சா சாமி கோச்சுக்குமா?" என்று வருஷா வருஷம் இதே பாட்டுதான். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. கத்துற அக்கா கடை எங்கே என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த ஊரில் உழைக்கிற எதற்கும் பொட்டு உண்டு. தறிக்கு உண்டு, தராசுக்கு உண்டு, டிவிஎஸ் வண்டிக்கு உண்டு. கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட மனசு வருமா?

இப்படிக் கத்துகிற நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது என் சொந்த அக்காவின் முன்னால்தான்.

அக்கா பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கரையில் வருகிற மாங்காய், அன்னம், யாளி எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்துத் தறிக்கு மேலே மாட்டுவார்கள். அதனால்தான் தெருவில் ஒருத்தர் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர்கள் வீட்டில் ஒன்று வந்து இறங்கியது. அதோடு சேர்த்து ஒரு மைக்கும் கொடுத்தார்கள். மாமாவுக்கு மைக் எதற்கு? அதை எடுத்துக்கொண்டது பாப்பா.

பாப்பா அவர்களுடைய ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, வீட்டில் எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அப்போது மூன்றாம் வகுப்பு. வைகாசித் திருவிழாவில் கருடசேவைக் கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து சாமி பார்த்துவிட்டு வந்தவள், சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மைக் செட்டில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்களே, காணாமல் போன குழந்தைகளைப் பற்றி, அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கம்ப்யூட்டர் மைக்கை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, குரலைப் பெரிய ஆம்பிளை மாதிரி மாற்றிக்கொண்டு அதைச் சொன்னாள். மாமா அதைப் பதிவு செய்து வைத்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற ப்ரோகிராம் ஒரு நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். அந்த ஒரு நிமிஷம்தான் பாப்பாவின் குரல்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உயிரோடு கூட்டிவர முடியவில்லை. இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

போட்டோக்கள் இருக்கின்றன. என் கல்யாண கேசட்டில்கூட அவள் இருக்கிறாள். பந்தியில் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கே ஓடுவாள், நின்று கேமராவைப் பார்த்து ஏதோ சொல்வாள். ஆனால் வீடியோ எடுத்த புண்ணியவான் கேசட் முழுக்க மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டான். அவள் வாய் அசையும், யாரோ பாடுவார்கள். நானும் அக்காவும் அந்த இடத்தை எத்தனையோ தரம் பார்த்து, அவள் உதட்டைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்திருக்கிறோம். பாழாப்போன பாட்டு.

பாப்பா போனபிறகு அந்த ஒரு நிமிஷத்தைப் போட்டுக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தைரியம் வருவதற்குள் கம்ப்யூட்டர் புகைந்து போய்விட்டது. மாமா பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். பிறகு வாங்கிய கம்ப்யூட்டர்களில் அந்தப் பழைய பட்டைக் கேபிளைச் செருக இடமே கிடையாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு, "குடுக்கா, அதுல இருக்கறத எடுத்துத் தரேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "அதத் தொடாத" என்பாள். மாமாவோ, "வேணாம்மா. கேட்டா நான் தாங்க மாட்டேன்" என்பார். திறக்காத வரைக்கும் அவள் அதற்குள் பத்திரமாக இருக்கிறாள் என்று இரண்டு பேரும் நினைத்திருக்க வேண்டும். நானும் விட்டுவிட்டேன்.

அந்த டிஸ்க் அக்கா வீட்டுப் பூஜை அலமாரியில், பாப்பா போட்டோவுக்குப் பின்னால் இருந்தது. பாப்பாவுக்குப் பாவாடை தைத்ததில் மிச்சமான அரக்குப் பட்டுத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தலை குளித்துவிட்டு, போட்டோவுக்குப் பொட்டு வைத்தபின் அந்தப் பொட்டலத்தையும் எடுப்பாள் என்று தெரியும். நான் எப்போது பார்த்தாலும் அது துணியாகத்தான் தெரியும். உள்ளே எப்படி இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை.

போன வைகாசியில், திருவிழா நடந்துகொண்டிருந்தபோது, அக்கா என்னைக் கூப்பிட்டாள். போனில் ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, இவள் அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அவ கொரலு மறந்துபோச்சுடி" என்றாள்.

"யாரு கொரலுக்கா?" என்றேன்.

"இன்னா சொன்னான்னு எல்லாம் ஞாபகம் இருக்குது. 'பக்த கோடிகளின் கவனத்துக்கு, ஒரு கொழந்த காணாம போயிருக்குது, பேரு பாப்பா, அவங்க அம்மா எங்க இருந்தாலும் மைக் செட்டண்ட வந்து கூட்டிக்கினு போகவும்.' அட்சரம் தப்பாம வருது. ஆனா நெனச்சுப் பாத்தா அவ கொரல்ல வர மாட்டேங்குது. என் கொரல்லதான் வருது. இத்தினி வருசம் காதுலயே இருந்துச்சு. இப்ப இல்ல. நான் எந்த மாதிரி அம்மாடி?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "குடுக்கா. எடுத்துப் பாக்கலாம்" என்றேன். இந்தத் தடவை தலையை ஆட்டினாள்.

தேரன்றைக்குக் கம்பிகளை அவிழ்ப்பதற்காகக் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். நடுவில் கரண்ட் போனால் கெட்டுவிடுகிற வேலை இது. அதனால் தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலையில் வரச் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள். மாமா வரவில்லை. "சாயங்காலமா வந்து இட்டுக்கினு போறேன்னாரு" என்றாள்.

என் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய டிஸ்க்கை இப்போதைய லேப்டாப்பில் நேராக மாட்ட முடியாது. நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். ஒரு பக்கம் பழைய டிஸ்க்கின் ஊசிகளுக்கு ஏற்ற அகலமான வாய், மறுபக்கம் எல்லோரும் போனுக்குச் செருகுகிற யுஎஸ்பி. மாட்டியவுடன் ஃபைலைத் தேடி ஓடக்கூடாது. சாகப்போகிற டிஸ்க்குக்கு எத்தனை மூச்சு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் அதில் இருப்பதை நல்லது கெட்டது பார்க்காமல், முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை அப்படியே ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். அதைத்தான் இமேஜ் என்போம். பிறகு எது செய்தாலும் நகலில்தான் செய்ய வேண்டும். டிஸ்க் செத்தாலும் நகல் இருக்கும்.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மேஜையில் துணி விரித்து, பொட்டலத்தை அவிழ்த்தேன்.

டிஸ்க்கின் மேல் மூடியில் ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்கும். உள்ளே இருக்கிற காற்றும் வெளியே இருக்கிற காற்றும் சமமாக இருப்பதற்காக வைத்தது. சில கம்பெனிகள் அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இந்த ஓட்டையை மூடாதே என்று இங்கிலீஷில் பொடியாக அச்சடித்திருப்பார்கள். இந்த டிஸ்க்கில் அந்த வட்டம் ஒரு பொட்டு அளவுக்கு, பொட்டு வைக்கவே வரைந்தது மாதிரி இருந்தது.

அக்கா அந்த வட்டத்தில்தான் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல், மாமா அதைக் கழற்றி வைத்த நாளிலிருந்து. சந்தனத்தின் மேல் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், அதன் மேல் மறுபடியும் சந்தனம். புற்று மாதிரி எழுந்து நின்றது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் ஓரமாக வழிந்து அடிப்பக்கத்து சர்க்யூட் பலகை வரைக்கும் போயிருந்தது. அங்கே செம்புக் கோடுகள் பச்சை பூத்துக் கிடந்தன.

அடிப்பாவி என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அந்தத் தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிறவர்கள் டாக்டரைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்தேன்.

"இன்னா பண்ற?"

"சுத்தம் பண்றேன்கா."

"பொட்ட அழிக்கிறியா?"

"ஓடும்போது சூடாவும்கா. சந்தனம் உருகி உள்ள போயிடும். முடிஞ்சதும் நீயே திரும்ப வெச்சிடு" என்றேன். சந்தனம் உருகுமா என்ன? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவள் நம்பினாள். "பொட்ட அழிக்கறத நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி, காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தேய்த்தேன். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. ஓட்டைக்குள் இறங்கிக் கெட்டித்துப்போனதை ஊசியால் எடுக்கவும் பயமாக இருந்தது, உள்ளே தள்ளிவிட்டால்? எடுத்த வரைக்கும் எடுத்தேன். உதிர்ந்த பொடியைக் குப்பையில் போட மனசு வராமல் அந்தப் பட்டுத் துண்டிலேயே மடித்து வைத்தேன். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அவள் திரும்பி நின்றதும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த அடாப்டரை மாட்டினேன். டிஸ்க் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோனது. இன்னொரு தடவை, அதே முனகல். அடாப்டரோடு கொடுத்த பவர் அவ்வளவு பழைய டிஸ்க்கைச் சுற்ற வைக்கப் போதவில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையை உருவி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து அதைத் தனியாக ஓட வைத்தேன். அதிலிருந்து டிஸ்க்குக்குக் கொடுத்தேன். இப்போது சுற்ற ஆரம்பித்தது. மெல்ல எழும்பி, விசில் மாதிரி நீண்டு, பிறகு டிக் டிக் என்று ஒரு சத்தம்.

அக்கா சட்டென்று திரும்பினாள். "இந்தச் சத்தம்! காலைல அவரு பொட்டியப் போட்டதும் இதான் கேக்கும். இதக் கேட்டாதான் பாப்பா பாய உட்டு எழுந்திருப்பா."

மேஜையண்டை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் அவளை அசைக்க முடியவில்லை. டீ வாங்கி வந்தால் ஆறிப்போனது. ஆதார் பிரிண்ட் எடுக்க வந்தவரிடம், "இன்னைக்குக் கட லீவு, ஷட்டர் பாதி எறங்கியிருக்குறது கண்ணுக்குத் தெரில?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்?

திரையில் நகல் ஆகிற இடம் பச்சைக் கோடாக நகர்ந்தது. நான் வைத்திருக்கிற ப்ரோகிராம் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. அதைத் தாண்டிப் போய், நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து கெட்ட இடத்தைச் சுரண்டிப் பார்க்கும். பாதி வரைக்கும் பச்சை. அப்புறம் சிவப்புப் புள்ளி ஒன்று விழுந்தது. அப்புறம் சேர்ந்து சேர்ந்து விழுந்தன.

"செவப்பு நல்லதா?" என்று அக்கா கேட்டாள்.

"திரும்ப வந்து எடுக்கும்கா."

டிஸ்க் கையை வைக்க முடியாதபடி சூடானது. நிறுத்தி, ஆற வைத்து, ஃபேனை அதன் பக்கம் திருப்பி, மறுபடியும் ஓட விட்டேன். கோடு கடைசி மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்து சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தது. சில புள்ளிகள் பச்சையாக மாறின. ஒவ்வொன்று மாறும்போதும் அக்கா என் தோளைத் தொட்டாள். பிறகு டிஸ்க்குக்குள் எதுவோ கீறுகிற சத்தம் கேட்டது. தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம். பாய்ந்து பவரைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுப் பார்த்தேன். சுற்றவில்லை. அதற்குப் பிறகு அது சுற்றவே இல்லை.

சந்தனத்தால்தான் போனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த வயசுக்கு டிஸ்க் தானாகவே சாகும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பலகையில் பூத்திருந்த பச்சை கண்ணை விட்டுப் போகவில்லை.

கையில் இருந்த நகலைத் திறந்தேன். மாமாவின் டிசைன்கள் முதலில் வந்தன. மாங்காய், அன்னம், யாளி, உருத்திராட்சக் கரை. ஒரு கட்டம்கூடப் பழுதில்லாமல் வந்தது எல்லாம். இது எதையும் யாரும் கேட்கவில்லை, இவை மட்டும் எப்படி முழுசாக வருகின்றன என்று ஆத்திரமாக வந்தது. கடைசியில் பாப்பா என்று ஒரு ஃபோல்டர். அதில் ஒரே ஒரு ஃபைல். நீளம் ஒரு நிமிஷம்.

"நான் மொதல்ல கேட்டுப் பாத்துடறேன்கா. நீ வெளிய போய்..."

"போடு" என்றாள்.

போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரை அசைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. திரையில் கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது, சத்தமே இல்லை. நடுவில் கர்ரென்று ஒரு கிழிசல், மறுபடியும் அமைதி. சிவப்புப் புள்ளிகள் எங்கே விழுந்தன என்று எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்குப் புரியவில்லை. தலையைச் சாய்த்து, காதை ஸ்பீக்கரண்டை கொண்டுபோய், இதோ வரப்போகிறது என்று புன்சிரிப்போடு காத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

கோடு முக்கால்வாசி போனபிறகு, திடீரென்று ஒரு வீடு திறந்த மாதிரி சத்தம் வந்தது. தூரத்தில் தறி. ஏதோ பாத்திரம். பிறகு உள்ளறையிலிருந்து ஒரு பெண் குரல், இளசாக, கணீரென்று, ராகமாக இழுத்துக் கூப்பிட்டது.

"பாப்பா... ஏ பாப்பா! யாருடி காணாம போனது? வா, சாப்ட வா கண்ணு. சோறு ஆறுது. பாப்பா..."

அதோடு ஒரு நிமிஷம் முடிந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "இது யாருடி?"

"நீதான்கா."

"நானா?"

"ஆமா. நீதான் கூப்புடுற."

அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். நான் அந்தக் கடைசித் துண்டை மட்டும் போட்டேன். அப்போது ஷட்டருக்கு வெளியே வண்டி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. குனிந்து உள்ளே வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். வண்டியை ஸ்டாண்டு போடாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்காவையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பா கொரலு இல்லியா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"அது போயிடுச்சுகா. டிஸ்க்குக்கு வயசாயிடுச்சு. நான் முடிஞ்ச வரைக்கும்..." அழுதேன். தொழில் தெரிந்தவள், இத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்தவள், என் பாப்பாவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று வாய்விட்டு அழுதேன்.

அக்காதான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழாத. நீ இன்னா பண்ணுவ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "இப்டியா கூப்டுக்கினு இருந்தேன் நான்? அதுக்கப்புறம் ஒரு நாள்கூட இப்டிக் கூப்டல, இல்ல?" எழுந்து, முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

மாமா டிஸ்க்கைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சுத்தம் செய்த வட்டத்தின் மேல் கட்டை விரலை வைத்தார்.

"இதுல எழுதியிருக்கறதப் படிச்சியாமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"படிச்சேன் மாமா."

"நானும் படிச்சேன். மொத வெள்ளிக்கிழமையே படிச்சேன்."

"அப்புறம் ஏன் மாமா அக்காகிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னு கிட்டப் போனேன்மா. அவ இத மடியில வெச்சிக்கினு, பாப்பாவுக்கு மோவாயப் புடிச்சுப் பொட்டு வெப்பா பாரு, அந்த மாதிரி ஓரத்தப் புடிச்சுக்கினு வெச்சா. அத்தினி நாளும் அவ கையி நடுங்கிக்கினே இருந்துச்சு. தண்ணி சொம்புகூடப் புடிக்க முடியாது. அன்னைக்கு நடுங்கல. அங்க வெக்காதன்னு நான் எப்டி சொல்லுவேன்? அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு..." பின்பக்கம் குழாய் நிற்கிற சத்தம் கேட்டது. டிஸ்க்கைத் துணிமேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் தூக்கி நிறுத்த வெளியே போனார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரும் சொல்ல மாட்டார். அவர் மேல் கோபப்பட நினைத்தேன், வரவில்லை. எனக்கே வராத கோபம் அது ஒன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில்தான் இருந்தேன். தலையில் ஈரத் துண்டோடு வந்து, அலமாரியின் முன்னால் உட்கார்ந்து, டிஸ்க்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சந்தனம் தொட்ட விரலோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெக்கலாமா? ஒண்ணும் ஆவாதே?"

மாமா அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் ஏதோ கரை வரைந்துகொண்டிருந்தார். மவுஸ் சத்தம் நின்றது.

"ஒண்ணும் ஆவாதுக்கா. எப்பவும் வெக்கற எடத்துலயே வை" என்றேன்.

ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வட்டத்தின் நடுவில் வைத்தாள். கை நடுங்கவில்லை. துணியில் சுற்றிப் போட்டோவுக்குப் பின்னால் வைத்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போனாள். தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது. சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள். பிறகு உள்ளே இருந்தபடியே கூப்பிட்டாள். வயசான தொண்டை, அந்தக் கணீர் இல்லை, ராகம் மட்டும் அதேதான்.

"பாப்பா... ஏ பாப்பா! சாப்ட வா கண்ணு. சோறு ஆறுது."

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "தோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார்.